முதலில் திருப்பணி, பின்னர் கற்பூரம்



மேல்மருவத்தூருக்கு அருகே அச்சிறுபாக்கம் என்னும் பாடல் பெற்ற தலம் இருக்கிறது. ஆட்சீஸ்வரர் அருள்பாலிக்கும் இத்தலத்தின் பெயரிலேயே ஒரு வாகனப் பழுதின் கதை அடங்கியுள்ளது. முப்புரங்களை அழிக்க எம்பெருமான் புறப்பட்டபோது பூமியே தேராயிற்று. சூரிய சந்திரர் சக்கரங்களாயினர். நான்மறைகள் குதிரைகளாக, நான்முகன் சாரதியானான். அத்தகைய தேரே இவ்விடத்தில் அச்சு இற்று நின்றுவிட்டது. விநாயகரை வணங்காமல் புறப்பட்டதே காரணம் என்று உணர்ந்த இறைவன் மூத்த பிள்ளையை நினைந்தருளினார், தேர் சீரானது, பயணம் தொடர்ந்தது என்கிறது தலவரலாறு. அச்சு இற்ற ஊர் அச்சிறுபாக்கமாயிற்று. அச்சுமுறி விநாயகரை இன்றும் அங்கே தரிசிக்கலாம்.

இக்கதையில் நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. அச்சு முறிந்தது அபசகுனம் என்று கருதி இறைவன் அந்தத் தேரைக் கைவிடவில்லை. முறிந்த அச்சோடு தேரைச் செலுத்தவும் இல்லை. காரணத்தைத் தேடினார், குறையை நீக்கினார், அதன் பிறகே புறப்பட்டார். இந்த வரிசையை நம் வீட்டு வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிளுக்கும் பொருத்திப் பார்ப்பதே இவ்வாரச் சிந்தனை.

ஓசூர் வட்டாரத்துக் குடும்பங்களுக்கு இச்சிந்தனை மிக நெருக்கமானது. மலைமேல் மரகதாம்பாளுடன் சந்திரசூடேஸ்வரர் வீற்றிருக்கும் இவ்வூர், இன்று நாடெங்கும் ஓடும் வாகனங்கள் பிறக்கும் ஊராகவும் விளங்குகிறது. டி.வி.எஸ். 50 என்னும் சிறிய வண்டி 1980ஆம் ஆண்டில் இங்கிருந்துதான் உலா வரத் தொடங்கியது. இப்போது கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மின்சார ஸ்கூட்டர் ஆலைகளும் எழுந்துவிட்டன. சூளகிரி, பாகலூர், கெலமங்கலம், தளி முதலிய ஊர்களிலிருந்து விடியற்காலை ஷிப்டுக்கும் இரவு ஷிப்டுக்கும் பிள்ளைகள் இருசக்கர வாகனத்தில்தான் விரைகின்றனர். அத்திப்பள்ளி எல்லையைக் கடந்து பெங்களூருவுக்கு அன்றாடம் சென்று திரும்புவோரும் பலர். மார்கழிப் பனிமூட்டம், சாலையோர மணல், நெடுஞ்சாலைக் கனரக லாரிகள் எல்லாம் சேர்ந்து வண்டியை எப்போதாவது ஒருமுறை சாய்த்துவிடுகின்றன. உயிருக்கு ஆபத்தில்லை, முழங்கையில் சிராய்ப்பு, வண்டியின் ஒரு பக்கம் கோடு விழுந்திருக்கிறது. அவ்வளவுதான் என்று எண்ணுகிறோம்.

அன்று மாலையே வீட்டில் பேச்சு எழுகிறது. "கண்திருஷ்டி பட்டுவிட்டது, எலுமிச்சம்பழம் சுற்றிப் போடுங்கள்" என்கிறார் பாட்டி. "இந்த வண்டி ராசியில்லை, விற்றுவிடலாம்" என்கிறார் தாயார். "கோயிலுக்குக் கொண்டுபோய் ஒரு பூஜை போட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்கிறார் தந்தையார். எல்லாமே பாசத்தில் பிறந்த சொற்கள். ஆனால் மறுநாள் அதிகாலை அதே வண்டியில் பிள்ளை புறப்படும்போது, முன் சக்கரம் நேராக இருக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா என்று பார்த்தவர் யார்?

ஆகமம் காட்டும் வரிசை

நம் ஆலயங்கள் இதற்குத் தெளிவான வழியைக் காட்டுகின்றன. குடமுழுக்கு நான்கு வகைப்படும். புதிய ஆலயத்திற்குச் செய்வது ஆவர்த்தம். நெடுங்காலம் வழிபாடின்றிக் கிடந்த ஆலயத்திற்குச் செய்வது அநாவர்த்தம். பழுதுபட்டதைப் புதுப்பித்துச் செய்வது புனராவர்த்தம். தகாத நிகழ்ச்சி நேர்ந்தபின் தூய்மைப்படுத்திச் செய்வது அந்தரிதம். இவற்றுள் புனராவர்த்தத்தின் முறையைப் பாருங்கள். முதலில் பாலாலயம் செய்து மூர்த்தியின் சாந்நித்தியத்தை வேறிடத்தில் எழுந்தருளச் செய்கின்றனர். பிறகு விரிசல்களையும் கசிவுகளையும் ஆராய்ந்து சீர்செய்கின்றனர். பீடத்துடன் மூர்த்தியைப் பிணைக்கும் அஷ்டபந்தன மருந்தைப் புதிதாகச் சாத்துகின்றனர். அதற்குப் பின்னரே கலசநீர் விமானத்தின்மேல் பொழிகிறது. விரிசல் விட்ட கோபுரத்தின்மேல் அப்படியே நீர் ஊற்றிவிட்டு, "கும்பாபிஷேகம் ஆயிற்று" என்று எந்தச் சிவாசாரியாரும் சொல்வதில்லை.

இதற்கு நம் காலத்துச் சான்று திருவரங்கம். 2015ஆம் ஆண்டு குடமுழுக்குக் கண்ட அரங்கநாதர் ஆலயத் திருப்பணிக்கு, ஆசிய பசிபிக் வட்டாரத்துக்கான யுனெஸ்கோவின் பாரம்பரியப் பாதுகாப்பு விருது 2017இல் கிடைத்தது. அங்கே வண்ணம் தீட்டியதோடு பணி நிற்கவில்லை. பழைய மழைநீர் வடிகால்களும் சீர்செய்யப்பட்டன. கண்ணுக்குத் தெரியும் அழகைவிடக் கண்ணுக்குத் தெரியாத வடிகால் கட்டடத்தின் ஆயுளைக் காக்கும் அல்லவா? அப்போது அறங்காவலர் குழுவுக்குத் தலைமை வகித்த வேணு சீனிவாசன், ஓசூரில் இருசக்கர வாகனங்களைத் தயாரிக்கும் டி.வி.எஸ். நிறுவனத்தை நெடுங்காலம் வழிநடத்தியவர் என்பது நாம் பேசும் பொருளுக்கு இயைந்த செய்தி.

ராஜஸ்தானத்தில் பாலியிலிருந்து ஜோத்பூர் செல்லும் நெடுஞ்சாலையில் ஓம் பன்னா என்னும் சந்நிதி இருக்கிறது. 1988இல் அங்கு விபத்தில் மறைந்த இளைஞரின் புல்லட் வண்டியையே நிறுத்தி, மாலை சாத்தி மக்கள் வழிபடுகின்றனர். அந்த வண்டிக்கு வழிபாடு மட்டும் போதும். அது இனி ஓட வேண்டியதில்லை. நம் வீட்டு வண்டியோ நாளைக் காலை ஓட வேண்டும்.

முதற்கடமை உடலுக்கு

வண்டியைத் தொடுமுன் விழுந்தவரைக் கவனியுங்கள். உடலே ஆலயம் என்பது நம் சித்தர்கள் கண்ட நெறி. தலையில் அடிபட்டவர் வாந்தி எடுத்தாலோ, விடாத தலைவலி, தூக்கக் கலக்கம், பேச்சில் குழறல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலோ, சிராய்ப்பு சிறிதாயினும் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். 108 எண்ணை அழைக்கத் தயங்க வேண்டா. தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தின்கீழ், மாநில எல்லைக்குள் சாலை விபத்தில் சிக்குவோருக்கு முதல் 48 மணி நேர அவசர சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் கட்டணமின்றி அளிக்கப்படுகிறது. எந்த மாநிலத்தவர் என்ற வேறுபாடு அதில் இல்லை. எல்லைப்புறத்தில் வாழும் நாம் இதை அறிந்திருப்பது நல்லது.

அடுத்து ஹெல்மெட். அதன் உள்ளே தெர்மோகோல் போன்ற ஓர் அடுக்கு உள்ளது. அடியின் வேகத்தைத் தான் நசுங்கி வாங்கிக்கொள்வதே அதன் வேலை. ஒருமுறை நசுங்கினால் அது மீண்டும் எழாது. வெளியே சிறு கீறலே தெரிந்தாலும், தலையோடு தரையில் மோதிய ஹெல்மெட்டை மீண்டும் அணியக் கூடாது. ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள புதியதை வாங்குங்கள். திருஷ்டி கழிக்க வேண்டுமானால் பழைய ஹெல்மெட்டைக் கழித்துவிடுவதே உண்மையான திருஷ்டிக் கழிப்பு.

விழுந்த வண்டியின் அருகே கற்பூரம் ஏற்றாதீர்கள். வண்டி சாயும்போது டேங்க் மூடி வழியாகவோ குழாய் வழியாகவோ பெட்ரோல் கசிந்திருக்கலாம். முதலில் சாவியை அணைத்து, வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, காற்றோட்டமான இடத்தில் சிறிது நேரம் விடுங்கள். பெட்ரோல் வாடை வருகிறதா, அடியில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். மின்சார ஸ்கூட்டரானால் பேட்டரிப் பெட்டியில் அடிபட்டிருக்கிறதா என்று வெளியிலிருந்து மட்டும் நோக்குங்கள். பட்டிருந்தால் வீட்டுக்குள் நிறுத்தாமலும் சார்ஜ் போடாமலும் வைத்திருந்து, சர்வீஸ் நிலையத்தாரை அழையுங்கள். அந்தப் பெட்டியை வீட்டில் திறப்பது தீயோடு விளையாடுவதாகும்.

வீட்டில் செய்யத்தக்க உழவாரப்பணி

அப்பர் பெருமான் கையில் உழவாரப்படை ஏந்தி, கோயில் திருமுற்றத்துப் புல்லைச் செதுக்கினார். அது அடியார் எவரும் செய்யத்தக்க பணி. விரிசல் விட்ட தூணை மாற்றும் பணியை ஸ்தபதியார் செய்வார். இந்தப் பகுப்பே வண்டிக்கும் பொருந்தும். வீட்டில் நாமே செய்யக்கூடிய உழவாரப்பணி எது, ஸ்தபதியாரான மெக்கானிக்கிடம் ஒப்படைக்க வேண்டியது எது என்று அறிவதே பாதி பாதுகாப்பு.

காப்பீட்டில் பணம் கோர எண்ணினால், எதையும் கழற்றுமுன் படம் எடுத்து நிறுவனத்துக்குத் தெரிவித்துவிடுங்கள். பழுது மிகச் சிறிதாயின் நம் செலவிலேயே முடித்துக்கொள்வது இலாபமாக அமையலாம். கோரிக்கை எழுப்பாத ஆண்டுகளுக்குக் கிடைக்கும் சலுகை அப்போது கை நழுவாது.

அதன்பின் வண்டியைக் கழுவுங்கள். ஆயுத பூஜைக்கு முன்னாள் கருவிகளைத் துலக்குகிறோமே, அது அழகுக்கு மட்டுமா? மண்ணும் எண்ணெய்ப் பிசுக்கும் நீங்கினால்தான் விரிசலும் கசிவும் கண்ணில் படும். கழுவித் துடைத்தபின் எஞ்சின் உறையின் அடிப்பட்ட பக்கத்தை விரலால் தடவுங்கள். சற்று நேரத்தில் மீண்டும் எண்ணெய் பூத்தால் உள்ளே விரிசல் இருக்கிறது என்று பொருள்.

சாய்ந்த வண்டியில் முதலில் வளைவது பிரேக் லீவரும் கிளட்ச் லீவரும்தான். வளைந்த லீவரைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தும் வழக்கம் நம்மிடையே உண்டு. அது ஆகாது. லீவர் வார்ப்பு அலுமினியக் கலவையால் ஆனது. வளைந்ததை நிமிர்த்தும்போது உள்ளே மெல்லிய விரிசல் ஓடும். பிறகொரு நாள் அவசரமாக அழுத்தும் கணத்தில் அது கையோடு வந்துவிடும். புதிய லீவரின் விலை அதிகமில்லை. ஒரு போல்ட்டையும் நட்டையும் கழற்றினால் பழையது வந்துவிடும். கிளட்ச் லீவரில், கேபிளைச் சற்றுத் தளர்த்தி, அதன் முனைக் குமிழைப் புதிய லீவரின் குழியில் பொருத்தி, சுழலும் இடத்தில் சிறிது கிரீஸ் தடவி முடுக்கலாம். லீவரின் முனையில் எவ்வளவு விளையாட்டு இருக்க வேண்டும் என்பது வண்டியோடு வந்த கையேட்டில் குறிக்கப்பட்டிருக்கும். அந்த அளவைப் பின்பற்றுங்கள். உதிரிபாகம் பெங்களூரு ஜே.சி. ரோட்டில் வாங்கினாலும் உள்ளூர்க் கடையில் வாங்கினாலும், தயாரிப்பாளரின் அசல் பாகம்தானா என்று கேட்டு, இரசீதோடு வாங்குங்கள்.

கண்ணாடி, இண்டிகேட்டர், கைப்பிடி ரப்பர் ஆகியவையும் வீட்டில் மாற்றத்தக்கவையே. சில வண்டிகளின் வலப்பக்கக் கண்ணாடி எதிர்த்திசை மரை கொண்டது. அது கழலவில்லை என்றால் வலுவைக் கூட்டாமல் மறுபக்கம் திருப்பிப் பாருங்கள். கியர் லீவரும் பிரேக் பெடலும் உட்பக்கம் வளைந்து எஞ்சினைத் தொடுகின்றனவா என்று நோக்குங்கள். சைடு ஸ்டாண்டு முழுமையாக மேலேறி நிற்கிறதா என்றும் பாருங்கள்.

ஆக்ஸிலரேட்டரைச் சோதிக்காமல் விடாதீர்கள். விழுந்த வேகத்தில் கைப்பிடியின் முனை நசுங்கியிருந்தால் அது திருகிய இடத்திலேயே நின்றுவிடும். எஞ்சின் ஓடாத நிலையில் முழுதும் திருகிவிட்டுக் கையை எடுங்கள். உடனே தானாகத் திரும்ப வேண்டும். பிறகு திறந்த வெளியில், நியூட்ரலில் எஞ்சினை ஓடவிட்டு ஹேண்டில்பாரை இடக்கோடியிலிருந்து வலக்கோடி வரை மெல்லத் திருப்புங்கள். எந்த இடத்திலாவது எஞ்சினின் ஒலி உயர்ந்தால் கேபிள் எங்கோ சிக்கி இழுபடுகிறது. அந்தக் குறை நீங்கும்வரை வண்டியை வெளியே எடுக்கலாகாது.

ஸ்தபதியாரிடம் விடவேண்டியவை

கல்லைத் தட்டி, எழும் ஒலியைக் கொண்டே அதன் குறையை அறிபவர் ஸ்தபதி. நம் ஊர் மெக்கானிக்குகளுள்ளும் அத்தகைய செவியும் கையும் வாய்த்தோர் உள்ளனர். அவர்களிடம் எப்போது செல்ல வேண்டும் என்பதை வீட்டிலேயே கண்டறியலாம்.

வண்டியின் முன்னே நின்று, முன் சக்கரத்தை நேராக வைத்து, ஹேண்டில்பாரை நோக்குங்கள். சக்கரம் நேராக இருக்க, ஹேண்டில்பார் ஒரு பக்கம் திரும்பியிருந்தால் முன் ஃபோர்க் முறுக்கிக்கொண்டிருக்கிறது. ஃபோர்க் குழாயில் எண்ணெய் வழிந்தாலும் உள்ளே சீல் கெட்டிருக்கிறது என்று அறியலாம். அடுத்து முன் சக்கரம் தரையைத் தொடாதவாறு நிறுத்திச் சுழற்றுங்கள். ஃபோர்க்கின்மேல் ஒரு குச்சியைப் பிடித்து, அதன் நுனியை ரிம்முக்கு அருகே கொண்டுசெல்லுங்கள். சுழலும்போது இடைவெளி கூடிக் குறைந்தால் ரிம்மில் பெண்டு இருக்கிறது. அலாய் சக்கரத்தில் விரிசல் தெரிந்தால் வெல்டிங் வைக்காமல் மாற்றிவிடுவதே அறம்.

டிஸ்க் பிரேக் லீவரை அழுத்தும்போது பஞ்சுபோல் அமுங்கினால் உள்ளே காற்று புகுந்திருக்கும். பிரேக் ஆயில் கசிந்தும் இருக்கலாம். இதை வீட்டில் பரீட்சித்துப் பார்ப்பது கூடாது. சேஸிஸில் வளைவு, வெல்டிங் இணைப்பில் பெயின்ட் வெடிப்பு, ஹேண்டில்பாரைத் திருப்பும்போது நடுவில் தடுக்கல் முதலியனவும் அனுபவம் மிக்கவரின் கைக்கு உரியவை. "பெண்டு எடுத்துத் தருகிறேன்" என்று குறைந்த கூலிக்கு எல்லாவற்றையும் சூடேற்றி நிமிர்த்துவோரிடம் எச்சரிக்கையாக இருங்கள். ஃபோர்க்கையும் சேஸிஸையும் பொறுத்தவரை, நிமிர்த்தத்தக்கதா மாற்றத்தக்கதா என்று அளந்து சொல்பவரே நல்ல ஸ்தபதி.

வெள்ளோட்டம்

பங்குனித் தேருக்கு ஓசூர் திரளும் காட்சியை அறிவீர்கள். வடம் பிடிக்குமுன் தேரின் அச்சையும் சக்கரத்தையும் ஆராய்வது எவ்வளவு இன்றியமையாதது என்பதை அண்டை மாவட்டம் துயரத்தோடு கண்டது. 2022 ஜூன் மாதம் தருமபுரி மாவட்டம் மாதேஅள்ளியில் காளியம்மன் தேர் சாய்ந்து இருவர் உயிர் துறந்தனர். இறைவி எழுந்தருளும் தேருக்கே அச்சின் வலிமை வேண்டும் எனில், நம் வண்டி எம்மாத்திரம்?

புதிய தேரையும் பழுது பார்த்த தேரையும் முதலில் சுவாமி எழுந்தருளாமல் ஓட்டிப் பார்க்கும் வழக்கம் நமக்கு உண்டு. அதற்கு வெள்ளோட்டம் என்று பெயர். வண்டிக்கும் வெள்ளோட்டம் விடுங்கள். பின்னால் யாரையும் அமர்த்தாதீர்கள். குழந்தையை முன்னே நிறுத்தாதீர்கள். ஆளில்லா மைதானத்தில், நடைவேகத்தில், முன் பிரேக்கையும் பின் பிரேக்கையும் தனித்தனியே பிடித்துப் பாருங்கள். நேராகச் செல்லும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா என்று உணருங்கள். இழுத்தால் மீண்டும் மெக்கானிக்கிடம் செல்லுங்கள். நன்றாயிருந்தால் சில நாள் ஓட்டியபின், கழற்றிப் பூட்டிய போல்ட்டுகளை மறுபடி சரிபாருங்கள். காலப்போக்கில் அஷ்டபந்தனமும் இளகுகிறது. அதனாலன்றோ பன்னிரண்டு ஆண்டுகளுக்கொருமுறை மீண்டும் சாத்துகிறோம்?

இனி கற்பூரம்

இவ்வளவும் முடிந்தபின் வண்டியைச் சந்நிதிக்குக் கொண்டுசெல்லுங்கள். சந்தனமும் குங்குமமும் இடுங்கள். சக்கரத்தடியில் எலுமிச்சை வைத்து ஏற்றுங்கள். கற்பூரத்தைப் பெட்ரோல் டேங்கிலிருந்து விலகித் தட்டிலேயே காட்டுங்கள். அந்தப் பூஜை அப்போதுதான் புனராவர்த்தமாக நிறைவுறும். குறையை மறைக்கும் திரையாகாமல், குறை நீங்கியமைக்கான நன்றியாக விளங்கும்.

பூசணிக்காயை நடுச்சாலையில் உடைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் போகாதீர்கள். ஆயுத பூஜையை அடுத்த நாள்களில், சிதறிக் கிடக்கும் பூசணித் துண்டுகளில் சக்கரம் வழுக்கி விழுவோர் உண்டு. நம் பிள்ளைக்குப் பட்ட திருஷ்டியை இன்னொருவர் பிள்ளையின் சக்கரத்தடியில் இறக்கிவைப்பது பரிகாரமாகுமா? ஓரமாக உடைத்து, துண்டுகளைத் திரட்டி மாட்டுக்கு வையுங்கள். அது கோசேவையாகவும் அமையும்.

விழுந்த வண்டிக்குப் பரிகாரம் என்ன என்று வினவும் தாய்மார்களே, முதற்பரிகாரம் உங்கள் வீட்டு ஸ்பேனர் பெட்டியிலேயே இருக்கிறது. அதைக் கையிலெடுக்குமுன் அச்சுமுறி விநாயகரை ஒரு கணம் நினையுங்கள். பிள்ளை பத்திரமாக வீடு திரும்ப அவர் துணை நிற்பார்.